கடலையில் வந்த நஞ்சும் டி.என்.ஏ.வில் விழுந்த தடமும்

ஒரு வட்டாரத்தில் ஒரு நோய் அளவுக்கு மீறிக் காணப்படும்போது, அதற்கு இன்ன நஞ்சுதான் காரணம் என்று ஐயப்படுவது எளிது. அந்த நஞ்சு யார் உடலில் எவ்வளவு ஏறியது என்று காட்டுவதுதான் கடினம். காற்றில் கலந்த புகையையும், தண்ணீரில் கரைந்த உலோகத்தையும், தானியத்தில் படிந்த பூசணத்தையும் கருவிகள் அளந்துவிடும். ஆனால் ஒரே தெருவில் வாழும் இருவரில் ஒருவர் நாள் முழுதும் மூட்டை சுமப்பவராகவும் மற்றவர் கடைக் கல்லாவில் அமர்ந்திருப்பவராகவும் இருந்தால், அவர்கள் மூச்சில் இழுக்கும் காற்றின் அளவே வேறு. ஒரே சட்டியில் சமைத்ததை உண்பவர்களிலும் ஒருவருடைய கல்லீரல் நஞ்சை விரைவாக முறித்து வெளியேற்றும், இன்னொருவருடைய கல்லீரல் அதை மேலும் கொடியதாக மாற்றிவிடும். சூழலில் உள்ள அளவு, உடலுக்குள் புகுந்த அளவு, உயிரணுவின் உட்கருவரை சென்று டி.என்.ஏ.வைத் தொட்ட அளவு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று எண்கள். நோயோடு நெருங்கிய உறவுடையது மூன்றாவது எண்ணே. அந்த மூன்றாவது எண்ணை மனித உடலிலிருந்தே பெற்று, நோய்ப்பரவல் ஆய்வில் பயன்படுத்த வேண்டும் என்ற கருத்தை 1982இல் ஃபிரடெரிக்கா பெரேரா, பெர்னார்ட் வைன்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் தெளிவாக முன்வைத்தனர். ரத்தம், சிறுநீர், திசு ஆகியவற்றில் அளக்கக்கூடிய இத்தகைய அடையாளத்தை உயிர்க்குறிப்பான் என்கிறார்கள்.

டி.என்.ஏ. சேதம் என்பது அரிதாக நேரும் விபத்து அன்று. உடலின் வெப்பம், நீர், ஆக்சிஜன் ஆகியவற்றாலேயே ஒவ்வோர் உயிரணுவிலும் நாளொன்றுக்குப் பல்லாயிரம் சிறு சிதைவுகள் தோன்றுகின்றன. பழுதுபார்க்கும் நொதிகள் அவற்றில் பெரும்பாலானவற்றை அன்றன்றே சரிசெய்துவிடுகின்றன. சேதம் வேறு, பிறழ்வு வேறு என்பதையும் இங்கே மனத்தில் கொள்ள வேண்டும்: சரிசெய்யப்படுவதற்கு முன்பே உயிரணு இரண்டாகப் பிரிந்து, சேதமுற்ற எழுத்துக்கு எதிரே தவறான எழுத்து அமர்ந்துவிட்டால், அந்தத் தவறு இனி நிலையானது, அதுதான் பிறழ்வு. சேதத்தை அளப்பவர்கள் பிறழ்வுக்கு முந்தைய நிலையைப் பிடிக்க முயல்கிறார்கள். ஆனால் உடல் தானாகவே உண்டாக்கும் சேதத்தின் இரைச்சலுக்கு நடுவே வெளியிலிருந்து வந்த நஞ்சின் பங்கைப் பிரித்தறிவது எப்படி என்பதுதான் இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

இதற்கான முறைகள் இரண்டு வகைப்படும். முதல் வகை, சேதம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும், எதனால் என்று சொல்லாது. வெள்ளணுக்களைக் கூழ்மத்தில் பதித்து மின்புலத்தில் வைத்தால், அறுந்த டி.என்.ஏ. துண்டுகள் உட்கருவிலிருந்து வால்போல் நீள்வதைக் காட்டும் காமெட் சோதனையும், உயிரணு பிரியும்போது பின்தங்கிப்போன குரோமோசோம் துண்டுகள் தனியே ஒரு குட்டி உட்கருவாகத் திரள்வதை எண்ணும் நுண்ணுட்கருச் சோதனையும் இவ்வகையைச் சேர்ந்தவை. குரோமோசோம்கள் அறுந்து தவறாக ஒட்டிக்கொண்டு, ஒன்றுக்குப் பதில் இரண்டு மையங்களோடு நிற்பதை உருப்பெருக்கியில் எண்ணும் முறை மட்டும் சற்று விதிவிலக்கானது. இத்தகைய வடிவங்களைப் பெரும்பாலும் கதிர்வீச்சே உண்டாக்குவதால், விபத்தில் சிக்கியவர்கள் எவ்வளவு கதிர் பெற்றனர் என்பதை மதிப்பிட இதுவே உலகெங்கும் நம்பப்படும் முறையாக உள்ளது. மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த கேரளக் கடற்கரையில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தக் குரோமோசோம் கோளாறுகளை எண்ணிப் பார்த்து, கதிர்வீச்சு குறைந்த பகுதிக் குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டனர். அச்சத்தை உறுதிசெய்யும் அளவீடு மட்டுமல்ல, அச்சத்துக்கு இடமில்லை என்று காட்டும் அளவீடும் பயனுள்ளதே.

இரண்டாவது வகை நஞ்சின் பெயரையே சொல்லிவிடும். சில வேதிப்பொருள்கள் டி.என்.ஏ.வோடு நிலையாகப் பிணைந்து, அதன்மேல் ஒட்டிக்கொண்ட மூலக்கூறாகவே தங்கிவிடுகின்றன; வேதியியலார் அடக்ட் என்று குறிப்பிடும் இந்த ஒட்டுச்சேர்மத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், ஒட்டியிருப்பது எந்த நஞ்சு என்பதில் ஐயத்துக்கு இடமே இராது. இவ்வகை அளவீடு ஆய்வுக்கூடத்திலிருந்து கிராமம்வரை முழுத் தொலைவும் நடந்து தன் பயனை நிறுவியதற்கு ஒரு நஞ்சின் வரலாறு தலைசிறந்த சான்று. அந்த நஞ்சு, நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூசணம் சுரக்கும் அஃப்ளடாக்ஸின்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தொற்றுநோய் என்று முதலில் கருதப்பட்ட அந்த மடிவுக்கு, பிரேசிலிலிருந்து தீவனமாக வந்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பிறகு தெரிந்தது. அதில் வளர்ந்திருந்த அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணத்திலிருந்து பிரித்தெடுத்த நஞ்சு புற ஊதா ஒளியில் நீலமாக மின்னியது. ஈரம் போகக் காயாத கடலையிலும், அறுவடைக்கு முன் வறட்சியில் வாடிய பயிரிலும், காற்றோட்டமில்லாத மூட்டையிலும் இந்தப் பூசணம் தழைக்கும். இந்நஞ்சு மனிதரைத் தாக்குவதை இந்தியா கொடிய முறையில் அறிந்தது. 1974ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களைச் சேர்ந்த பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுக்கு மஞ்சள்காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் கண்டன. பதிவான 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தனர். அதே வீடுகளின் நாய்களுக்கும் வயிறு வீங்கிய செய்தி, தொற்றைவிட உணவின்மேல் ஐயத்தைத் திருப்ப உதவியது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் எஞ்சிய சோளத்தில் அஃப்ளடாக்ஸினை அளந்தார்கள். நோயாளிகளின் உடலில் அது எவ்வளவு செயல்பட்டது என்று அளக்க அன்று வழியில்லை.

அந்த வழி அடுத்த மூன்றாண்டுகளில் திறந்தது. உண்ட அஃப்ளடாக்ஸின் தன் இயல்பான வடிவில் டி.என்.ஏ.வை ஒன்றும் செய்வதில்லை. கல்லீரலின் நொதிகள், வேண்டாத பொருளை நீரில் கரையச்செய்து வெளியேற்றும் தம் வழக்கமான பணியாக அதில் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பூட்டும்போது, எப்பாக்சைடு என்ற மிகத் துடிப்பான வடிவம் பிறக்கிறது. அது கணப்பொழுதில் எதனோடாவது பிணைந்தே தீரும். குளுட்டதையோன் என்ற காப்புப்பொருளோடு பிணைந்தால் தீங்கின்றி வெளியேறும். சுண்டெலியின் கல்லீரலில் இந்தப் பிணைப்பை நடத்தும் நொதி வலுவாக இருப்பதால் அஃப்ளடாக்ஸின் அதற்கு அவ்வளவாகப் புற்றுநோய் தருவதில்லை. ராட் எனப்படும் பெரிய ஆய்வக எலி எளிதில் பலியாகிறது. குளுட்டதையோனிடம் சிக்காமல் தப்பியது டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினின் ஏழாவது நைட்ரஜன் அணுவில் போய் ஒட்டுகிறது. இந்த ஒட்டுச்சேர்மத்தின் அமைப்பை 1977இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜான் எசிக்மன், ஜெரால்ட் வோகன் குழுவினர் தெளிவுபடுத்தினர்.

பிறகு வெளிப்பட்ட ஒரு பண்புதான் இதை மக்களிடையே அளக்கக்கூடியதாக ஆக்கியது. நஞ்சு ஒட்டிய குவானின் டி.என்.ஏ. இழையில் நெடுநேரம் நிற்பதில்லை. அது கழன்று விழுந்து, ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் வெளியேறுகிறது. கல்லீரலை ஊசியால் துளைத்துத் திசு எடுக்காமலே, கல்லீரல் டி.என்.ஏ.வில் ஓரிரு நாளுக்கு முன் நடந்ததை ஒரு குப்பிச் சிறுநீரில் காணலாம் என்பது அதன் பொருள். இதே எப்பாக்சைடு, ரத்தத்தில் மிகுந்துள்ள அல்புமின் என்ற புரதத்தின் மீதும் ஒட்டுகிறது; அல்புமின் பல வாரங்கள் ரத்தத்தில் சுற்றுவதால், அதில் காணும் தடம் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் தொகுப்பாக அமையும். சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதச் சராசரியை அறியச் செய்துகொள்ளும் எச்பிஏ1சி சோதனையின் அடிப்படையும் இதுவே: அங்கே ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டுகிறது, இங்கே அல்புமினில் நஞ்சு ஒட்டுகிறது.

சிறுநீரில் இதைத் தேடுவது எளிய வேலையன்று. அளக்க வேண்டியது கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கான பிக்கோகிராம், அல்லது அதன் ஆயிரம் மடங்கான நானோகிராம் அளவில் இருக்கும். அதனோடு கலந்திருப்பவை யூரியா முதல் நிறமிகள்வரை ஆயிரக்கணக்கான பொருள்கள். அஃப்ளடாக்ஸினை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களைச் சிறு மணிகளில் பதித்து ஒரு குழாயில் நிரப்பி, சிறுநீரை அதன் வழியே வடியவிட்டால், மற்றவை வழிந்தோட நஞ்சின் உறவினங்கள் மட்டும் மணிகளில் தங்கும். அவற்றைக் கரைப்பானால் கழுவியெடுத்து, திரவ நிறப்பிரிகைக் கருவியில் ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்க வேண்டும். ஜான் குரூப்மன் உள்ளிட்டோர் இம்முறையைச் சீனத்தின் குவாங்சி பகுதியிலும் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவிலும் பயன்படுத்தி, மக்கள் நாள்தோறும் உண்டதைத் தட்டிலிருந்தே எடுத்து அளந்து, அவர்களுடைய சிறுநீரோடு ஒப்பிட்டனர். உண்ட அளவு கூடக்கூடக் குவானின் ஒட்டுச்சேர்மமும் கூடியது. ஆனால் சிறுநீரில் வரும் அஃப்ளடாக்ஸின் வழிப்பொருள்கள் எல்லாமே அப்படி நடந்துகொள்ளவில்லை. சில, உண்ட அளவோடு தொடர்பே காட்டவில்லை. எதையாவது அளந்தால் போதாது, எதை அளப்பது என்று முதலில் தேர வேண்டும் என்ற பாடம் இந்தத் துறைக்கு இங்கேதான் அழுத்தமாகக் கிடைத்தது.

இதற்குப்பின் வந்த ஷாங்காய் ஆய்வு நிதானமாகப் பார்க்கத்தக்கது. 1986 ஜனவரி முதல் 1989 செப்டம்பர் வரை அந்நகரில் 45 முதல் 64 வயதுவரையுள்ள 18,244 ஆண்களிடம் உணவுப் பழக்கம் குறித்து விரிவாகக் கேட்டு, ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பெற்று, உறையவைத்துப் பாதுகாத்தனர். பிறகு காத்திருந்தார்கள். நோய் வந்தபின் சிறுநீரை அளப்பதில் பொருளில்லை. புற்றுநோய் பிடித்த கல்லீரல் நஞ்சை வேறுவிதமாகக் கையாளும், நோயுற்றவர் உண்ணும் உணவும் மாறிப்போகும். எனவே நோய் வருமுன் எடுத்துவைத்த மாதிரியே நம்பத்தக்கது. சில ஆண்டுகளில் 50 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் கண்டது. அதே வயதினரும், அதே வட்டாரத்தில் வாழ்பவரும், ஏறத்தாழ அதே நாளில் மாதிரி கொடுத்தவரும் ஆன நோயற்ற 267 பேரைத் தேர்ந்து, இரு சாராரின் பழைய சிறுநீரையும் உறைகுளிரிலிருந்து எடுத்து அளந்தனர்.

1994இல் வெளியான முடிவு இரண்டு செய்திகளைச் சொன்னது. சிறுநீரில் அஃப்ளடாக்ஸின் தடமும் ஹெபடைடிஸ்-பி வைரஸ் தொற்றும் இல்லாதவர்களைவிட, தடம் மட்டும் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு 3.4 மடங்கு, வைரஸ் தொற்று மட்டும் உள்ளவர்களுக்கு 7.3 மடங்கு, இரண்டும் சேர்ந்திருந்தவர்களுக்கு 59.4 மடங்கு. நஞ்சும் வைரஸும் தனித்தனியே செய்யும் கேட்டைக் கூட்டினாலும் பெருக்கினாலும் வராத எண் அது. இரண்டாவது செய்தி இக்கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது: அதே மனிதர்கள் சொன்ன உணவு விவரத்தைக்கொண்டு ஒவ்வொருவரும் எவ்வளவு அஃப்ளடாக்ஸின் உண்டிருப்பார் என்று கணக்கிட்டபோது, அந்தக் கணக்குக்கும் புற்றுநோய்க்கும் எந்த உறவும் தென்படவில்லை. சிறுநீரை அளக்காமல் கேள்வித்தாளை மட்டும் நம்பியிருந்தால், ஷாங்காய் மக்களுக்கு அஃப்ளடாக்ஸினால் தீங்கில்லை என்ற முடிவுக்கே ஆய்வாளர்கள் வந்திருப்பார்கள். மக்கள் பொய் சொல்லவில்லை. ஒரு பிடிக் கடலையில் நஞ்சுள்ள பருப்பு ஒன்றா, ஐந்தா, ஒன்றுமே இல்லையா என்பது உண்டவருக்கே தெரியாது. உலகெங்கும் உணவையும் நோயையும் இணைத்துப் பேசும் எத்தனையோ ஆய்வுகள் இன்றும் கேள்வித்தாள்மேலேயே நிற்கின்றன என்பதை இங்கே நினைத்துக்கொள்வது தவறாகாது.

இதே காலத்தில் கட்டிகளின் உள்ளிருந்தும் சாட்சி வந்தது. புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்களில் முதன்மையான டி.பி.53இல், 249ஆம் குறியின் மூன்றாவது எழுத்தான குவானின், தைமினாக மாறியிருப்பதை 1991இல் இரு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. ஒன்று தென் ஆப்பிரிக்கப் பகுதிக் கட்டிகளை ஆராய்ந்தது, மற்றது சீனத்தின் சிடோங் பகுதிக் கட்டிகளை ஆராய்ந்தது. சிடோங்கில் ஆராய்ந்த 16 கட்டிகளில் 8இல் அதே எழுத்தில் அதே பிழை இருந்தது. அஃப்ளடாக்ஸின் குறைந்த நாடுகளின் கல்லீரல் கட்டிகளில் இது அரிது. ஒட்டுச்சேர்மம் அண்மை நாள்களின் கணக்கு என்றால், இந்தப் பிறழ்வு ஆண்டுக்கணக்கான பழைய கணக்கு.

யாங்சி ஆற்றின் முகத்துவாரத்தில் ஷாங்காய்க்கு எதிரே உள்ள சிடோங்கில், ஒரு காலத்தில் வயதுவந்தோர் இறப்பில் பத்தில் ஒன்றுவரை கல்லீரல் புற்றுநோயால் நேர்ந்தது. மருந்தோ உணவோ தந்து புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று அறிய, ஆயிரக்கணக்கானோரை இருபது ஆண்டுகள் பின்தொடர வேண்டும். அவ்வளவு பொறுமையும் பணமும் எவரிடமும் இருப்பதில்லை. ஒட்டுச்சேர்மம் குறைகிறதா என்று பார்க்கச் சில மாதங்கள் போதும். பச்சை இலைகளின் பச்சையத்திலிருந்து செய்யப்படும் குளோரோஃபிலின் என்ற பொருளை அங்கே 180 பேரைக்கொண்டு சோதித்தனர். ஒரு பாதியினர் நாள்தோறும் மூன்று வேளையும் உணவோடு நூறு மில்லிகிராம் குளோரோஃபிலினும், மறுபாதியினர் அதேபோன்ற வெற்று மாத்திரையும் நான்கு மாதம் உண்டனர். குளோரோஃபிலின் உண்டவர்களின் சிறுநீரில் குவானின் ஒட்டுச்சேர்மம் 55 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2001இல் அறிவிக்கப்பட்டது. அது குடலிலேயே நஞ்சைப் பற்றிக்கொண்டு, உட்கிரகிக்க விடாமல் செய்வதாகக் கருதப்படுகிறது.

ஆயினும் சிடோங்கைக் காப்பாற்றியது மாத்திரை அன்று. 1980களின் பொருளாதார மாற்றத்துக்குப் பிறகு அந்த மக்கள் தாம் விளைவித்த மக்காச்சோளத்தை விட்டு, வாங்கிய அரிசியை உண்ணத் தொடங்கினர். 1989இல் சேமித்த ரத்தத்தில் ஒரு மில்லிகிராம் அல்புமினுக்கு நடுநிலை அளவாக 19.3 பிக்கோகிராம் அஃப்ளடாக்ஸின் ஒட்டியிருந்தது. 2009இல் அது கருவி கண்டுகொள்ளக்கூடிய 0.5 பிக்கோகிராம் எல்லைக்கும் கீழே போய்விட்டது. கல்லீரல் புற்றுநோய் இறப்பும் இளையவர்களிடையே வெகுவாகக் குறைந்தது. பிறந்த குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ் தடுப்பூசி பரவலாகுமுன் பிறந்தவர்களிடமும் இந்தக் குறைவு காணப்பட்டதால், அதைத் தடுப்பூசியின் பலனாக மட்டும் கொள்ள முடியாது. மக்களே உணவை மாற்றிக்கொண்டார்கள். ஆய்வாளர்கள் செய்தது, உறைபெட்டியில் ரத்தத்தைத் தூக்கியெறியாமல் வைத்திருந்தது. அதுவும் சிறிய காரியமன்று.

அரிசிக்கு மாற வழியில்லாத ஏழை உழவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாடு விடை தந்தது. கிண்டியா பகுதியில் 20 கிராமங்களைத் தேர்ந்து, பத்தில் மட்டும் நிலக்கடலைப் பக்குவத்தை மாற்றினார்கள்: பூசணம் பிடித்த, சுருங்கிய, ஓடு உடைந்த கடலையைக் கையால் பொறுக்கி நீக்குவது, வெறுந்தரையில் அல்லாமல் நார்ப்பாயில் பரப்பி வெயிலில் உலர்த்துவது, நன்கு உலர்ந்ததா என்று கையில் குலுக்கி ஓசை கேட்டுப் பார்ப்பது, பிளாஸ்டிக் சாக்கை விட்டுச் சணல் சாக்கில் கட்டுவது, சாக்குகளை மரப்பலகையின்மேல் அடுக்குவது, பூச்சியைத் தடுக்க மருந்து தூவுவது. தமிழ்நாட்டுக் கடலை விவசாயிக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை எனலாம். அறுவடையான ஐந்தாம் மாதத்தில் ரத்தத்தை அளந்தபோது, மாற்றம் செய்யாத கிராமங்களில் சராசரி 18.7 பிக்கோகிராமாகவும், செய்த கிராமங்களில் 8.0 பிக்கோகிராமாகவும் இருந்தது. ரத்தத்தில் நஞ்சின் தடமே இல்லாதவர்கள் முந்தையதில் நூற்றுக்கு இருவர், பிந்தையதில் இருபதின்மர். 2005இல் லான்செட் இதழில் வெளிவந்த இந்த ஆய்வில் கடலையை மட்டும் அளந்திருந்தால், உழவர்கள் நல்லதை விற்றுவிட்டுக் கழித்ததைத் தாமே உண்டார்களா என்ற ஐயம் எஞ்சியிருக்கும்; ரத்தம் அந்த ஐயத்தைப் போக்கிவிட்டது.

எல்லா நஞ்சுகளும் இப்படி விரைவில் கழன்று விழுவதில்லை. பால்கன் நாடுகளில் டான்யூப் ஆற்றின் துணையாறுகளை ஒட்டிய சில கிராமங்களில் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கண்ட சிறுநீரக நோய்க்கும், அதோடு வரும் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய்க்கும் காரணம் தெரியாமல் அரை நூற்றாண்டு கழிந்தது. 2007இல் ஆர்தர் கிரோல்மன் குழுவினர் நோயாளிகளின் சிறுநீரகத் திசுவில் அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் ஒட்டுச்சேர்மத்தைக் கண்டுபிடித்து முடிச்சை அவிழ்த்தனர். கோதுமை வயலில் களையாக வளரும் அரிஸ்டோலோக்கியா செடியின் விதை, மாவோடு அரைபட்டு ரொட்டியில் சேர்ந்திருந்தது. இந்த ஒட்டு சிறுநீரக டி.என்.ஏ.வில் பல ஆண்டுகள் அழியாமல் நிற்பதால், எப்போதோ உண்டதையும் அது காட்டிக்கொடுக்கிறது. நம் ஊரின் ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்துக் கொடியும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்று அவற்றை வாங்கி உண்போர், இந்தப் பேரினம் புற்றுநோய் விளைவிப்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளதை அறிந்திருக்க வேண்டும்.

இந்த அளவீடுகளுக்கு ஓர் எல்லை உண்டு; அதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் வணிகர்கள் நுழைந்துவிடுவார்கள். ஒரு மனிதரின் சிறுநீரில் ஒட்டுச்சேர்மம் மிகுந்திருப்பதால் அவருக்குப் புற்றுநோய் வரும் என்றோ, இல்லாததால் வராது என்றோ கூற முடியாது. நேற்று உண்ட கெட்ட கடலை இன்றைய எண்ணை உயர்த்தும், நாளை மறுநாள் அது தாழ்ந்திருக்கும். பழுதுபார்க்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். சேதத்துக்கும் கட்டிக்கும் இடையே பல படிகள் உள்ளன. நூறு பேர், ஆயிரம் பேர் என்று சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்த ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று தணித்து, ஊருக்கும் ஊருக்கும், ஆண்டுக்கும் ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு மேலெழுகிறது. ஆகவே இது மக்கள்தொகைக்கு உரிய அளவுகோல். தனி ஒருவரின் டி.என்.ஏ. சேதத்தை அளந்து, பணம் பெற்றுக்கொண்டு, பரிகாரமாகச் சத்து மாத்திரையும் விற்கும் சோதனைகளுக்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது இத்தகைய எண்ணைக் காட்டி ஒருவரை விலக்குவது இன்னும் தவறு. நஞ்சைக் குறைப்பது ஆலையின் கடமையே தவிர, நஞ்சைத் தாங்கும் உடலைத் தேடுவது அன்று.

இந்தியாவில் இப்போதைய அளவீடு பெரும்பாலும் விளைபொருளோடு நின்றுவிடுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில், பரிசோதித்த 6,432 மாதிரிகளில் 368இல் அஃப்ளடாக்ஸின் எம்1 அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. மாநிலங்களில் எண்ணிக்கையளவில் தமிழ்நாடே முதலிடம், 551 மாதிரிகளில் 88. எம்1 என்பது மாடு உண்ட பூசணத் தீவனத்தின் நஞ்சு அதன் கல்லீரலில் மாறிப் பாலில் இறங்கிய வடிவம்; பூசணம் பிடித்த பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் சோளமுமே அதன் வாசல். அன்று செய்தித்தாள்களில் இரண்டு நாள் பேசப்பட்ட அந்த எண்ணுக்கு அடுத்த படி, அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் அல்புமின் ஒட்டுச்சேர்மத்தை அளப்பதாகத்தான் இருக்க முடியும். கினியின் இருபது கிராமங்களில் முடிந்தது, மருத்துவக் கல்லூரிகளும் வேளாண் பல்கலைக்கழகமும் உள்ள மாநிலத்தில் முடியாத காரியமன்று. கடலை விளையும் சில வட்டாரங்களில் அறுவடைக்குப்பின் ஆண்டுதோறும் சில நூறு மாதிரிகளைப் பெற்று அளந்து, உறையவைத்துச் சேமித்தாலே தொடக்கத்துக்குப் போதும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. அஃப்ளடாக்ஸின் வழக்கமான சமையல் சூட்டில் முற்றிலும் அழிவதில்லை. வறுத்தால் ஓரளவு குறையும், அவ்வளவே. சுத்திகரித்த எண்ணெயில் அது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டிய எண்ணெய் அந்தச் சுத்திகரிப்புக்கு உள்ளாவதில்லை என்பதால், ஆட்டுவதற்குக் கொடுக்கும் பருப்பின் தரமே அங்கே ஒரே காப்பு. எனவே சுருங்கியதும், நிறம் மாறியதும், பூத்ததும், வாயிலிட்டால் கசப்பதுமான கடலையைக் கழுவியோ வறுத்தோ பயன்படுத்தாமல் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்; எறிந்ததை மாட்டுக்கும் போடக்கூடாது.